'மன அழுத்தம்' என்னும் மன்னிப்புச் சீட்டு: கொள்ளைநோய்க் கால வன்முறையும் எமது சொல்லாடலும்

2020 ஏப்ரல் 5ஆம் திகதி ஐ.நா. செயலாளர் நாயகம் அன்ரோனியோ குட்டரெஸ், வீடுகளுக்குள்ளும் சமாதானம் வேண்டும் என்று உலக அரசுகளைக் கேட்டுக்கொண்டார். அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்னர்தான் அவர் போரிடும் தரப்புக்களை யுத்தநிறுத்தத்திற்கு அழைத்திருந்தார். வீட்டையும் ஒரு போர்முனையாகக் கருதி அவர் பேசியது கவனிக்கத்தக்கது. மறுநாள் ஐ.நா.வின் பெண்கள் அமைப்பு, முடக்கக் காலத்தில் பெண்கள் மீது அதிகரித்துவந்த வன்முறைக்கு 'நிழற் கொள்ளைநோய்' என்று பெயர் சூட்டியது. அந்தப் பெயர் எல்லா மொழிகளிலும் புழக்கத்திற்கு வந்தது. தமிழும் விலக்கல்ல.

பெயர் சூட்டியவர்களின் நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. உலகத்தின் நிதியும் கவனமும் வைரசை நோக்கியே ஓடிக்கொண்டிருந்த வேளையில், பெண்கள் காப்பகங்களுக்கும் ஒரு பங்கு கேட்க அவர்களுக்கு அப்படியொரு சொல் தேவைப்பட்டது. ஆனால் ஒரு சொல் அதைப் பிறப்பித்தவர்களின் நோக்கத்தோடு நின்றுவிடுவதில்லை. கொள்ளைநோய் எவருடைய விருப்பத்தினாலும் வருவதில்லை. தொற்றியவரும் பாதிக்கப்பட்டவர், அவருக்குத் தொற்ற வைத்தவரும் பாதிக்கப்பட்டவர். இந்த உருவகத்தை மனைவிக்கு அடிக்கும் ஆண்மீது பொருத்தினால் அடித்தவரும் ஒரு நோயாளியாகிவிடுகிறார். 'நிழல்' என்பதோ இன்னொரு வேலையைச் செய்கிறது. பொருள் விலகினால் நிழலும் விலகும். அதாவது வைரஸ் போனால் இதுவும் போய்விடும் என்ற எண்ணத்தை அது சத்தமில்லாமல் எமக்குள் விதைத்துவிடுகிறது.

2021 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. உலகில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பெண், தன் வாழ்நாளில் துணைவரின் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கோ, பிறரின் பாலியல் வன்முறைக்கோ உள்ளாகியிருக்கிறார் என்றது அது. கொள்ளைநோயின் நடுவில் வெளிவந்ததால் பலர் இதைக் கொள்ளைநோயின் கணக்காகவே வாசித்தார்கள். உண்மையில் அந்த மதிப்பீட்டுக்கான தரவுகள் 2000 முதல் 2018 வரையானவை. ஒருவரும் முகக்கவசம் அணியாத, எல்லோரும் வேலைக்குப் போய்வந்த, விமானங்கள் பறந்த ஆண்டுகளின் கணக்கு அது.

இக்கட்டுரையில் நான் விவாதிக்க விரும்புவது, இந்த உருவகத்தின் வால்பிடித்து எம்மத்தியில் வேரூன்றிய இன்னொரு சொல்லைப் பற்றி: 'மன அழுத்தம்'.

2020, 2021ஆம் ஆண்டுகளில் பாரிசிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் எம்மவர்கள் கொரோனாவும் மனநலமும் பற்றிப் பல இணையவழிக் கூட்டங்களை நடத்தினார்கள். அவற்றில் பலவற்றை நான் இருந்து கேட்டிருக்கிறேன். மனநோய் என்றாலே 'விசர்' என்று ஒதுக்கிப் பழகிய ஒரு சமூகம் மனநலம் பற்றி வாய்திறந்தது வரவேற்கத்தக்கதே. ஆனால் பேச்சுக்கள் வீட்டு வன்முறையைத் தொட்ட இடங்களில் மொழி ஒரு விசித்திரமான வடிவத்தை எடுத்தது. 'வேலையிழப்பினால் ஆண்களுக்கு மன அழுத்தம் அதிகரித்துள்ளது, இதனால் குடும்பங்களில் முரண்பாடுகள் தோன்றுகின்றன' என்கிற மாதிரியான வாக்கியங்கள். முரண்பாடுகள் தாமாகவே தோன்றுகின்றன. யார் கை ஓங்கியது, யார் பல் உடைந்தது என்பதற்கு அந்த வாக்கியத்தில் இடமில்லை. அடுத்த வாக்கியத்தில் தீர்வு வரும்: யோகாசனம், மூச்சுப் பயிற்சி, 'விட்டுக்கொடுத்து நடத்தல்'. விட்டுக்கொடுக்க வேண்டியவர் யார் என்பதை எவரும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

முடக்கமும் அழுத்தமும்தான் வன்முறைக்குக் காரணம் என்றால் எண்கள் அதைக் காட்டவேண்டும். பிரான்சில் 2020 மார்ச் 17ஆம் திகதி முடக்கம் தொடங்கியது. பத்து நாட்களுக்குள் உள்துறை அமைச்சர், பாரிஸ் பொலிஸ் பிரிவில் குடும்ப வன்முறை தொடர்பான தலையீடுகள் ஒரே வாரத்தில் 36 வீதத்தால் அதிகரித்ததாக அறிவித்தார். ஆனால் துணைவராலோ முன்னாள் துணைவராலோ கொல்லப்பட்ட பெண்களின் தொகை, உள்துறை அமைச்சின் கணக்குப்படி 2019இல் 146ஆக இருந்து 2020இல் 102ஆகக் குறைந்தது. 2021இல் அது மீண்டும் 122ஆக உயர்ந்தது. அயல்நாடான ஜேர்மனியிலோ 2019இல் 117ஆக இருந்த தொகை 2020இல் 139ஆகக் கூடியது. ஒரே ஆண்டு, ஒரே வைரஸ், பக்கத்துப் பக்கத்து நாடுகள். ஒன்றில் குறைகிறது, மற்றதில் கூடுகிறது.

பிரான்சில் கொலை குறைந்ததற்குப் பெண்கள் அமைப்புக்கள் சொல்லும் விளக்கம் எமது கவனத்திற்குரியது. துணைவரால் நிகழும் கொலைகளிற் பல, பெண் பிரிந்து போகும்போது, அல்லது போகப்போகிறேன் என்று சொல்லும்போது நிகழ்கின்றன. முடக்கக் காலத்தில் அவளால் போக முடியவில்லை. அவள் போகாதவரை அவனது அதிகாரத்திற்கு ஆபத்தில்லை. இந்த விளக்கம் சரியென்றால் அந்த 102 என்ற எண்ணில் ஆறுதலடைய எதுவுமில்லை. அது வெளியேற முடியாமற் போனவர்களின் கணக்கையும் தனக்குள் வைத்திருக்கிறது. கொலையின் தர்க்கம் அழுத்தத்தின் தர்க்கமல்ல, உடைமையின் தர்க்கம் என்பதையும் அது காட்டுகிறது.

இங்கிலாந்தில் 2020 மார்ச் 23இற்கும் ஏப்ரல் 12இற்கும் இடைப்பட்ட மூன்று வாரங்களில் குறைந்தது 16 பெண்களும் சிறுமிகளும் வீட்டு வன்முறையில் கொல்லப்பட்டதாகச் சந்தேகிக்கப்பட்டது. கொல்லப்பட்ட பெண்களைப் பல ஆண்டுகளாக ஒவ்வொருவராகக் கணக்கெடுத்துவரும் கரன் இங்கலா ஸ்மித் இதை வெளிக்கொணர்ந்தார். நாடாளுமன்றக் குழுவொன்றின் முன்னாலும் இக்கணக்கு வைக்கப்பட்டது. அதே ஏப்ரலில் அவரே இன்னொன்றையும் எழுதினார்: பெண்கள்மீதான ஆண்களின் வன்முறையைக் கொரோனா உண்டாக்கவில்லை என்று. கணக்கெடுத்தவரின் எண்ணை மேற்கோள் காட்டிய பலர் அவரது எச்சரிக்கையைக் காதில் விழுத்தவில்லை.

அழுத்தம் என்ற விளக்கத்தை எமது சொந்த வாழ்நிலையில் வைத்துப் பார்ப்போம். பாரிசில் றெஸ்ரோறன்ட் குசினிகளில் வேலைசெய்த எம்மவர்கள் ஆயிரக்கணக்கில் 2020 மார்ச்சில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். பதிவில்லாமல் வேலை செய்தவர்களுக்கு அரசின் இழப்பீடும் கிடைக்கவில்லை. வாடகை, வட்டி, சீட்டுக்காசு, ஊருக்கு அனுப்பும் பணம் என்று கழுத்தை நெரிக்கும் சுமை. இது உண்மையான துன்பம். இதை நான் சிறுமைப்படுத்த வரவில்லை. ஆனால் அந்த மனிதர் சம்பளம் தராத முதலாளிக்கு அடிக்கவில்லை. வெளியே செல்லும் பத்திரத்தை ஏன் நிரப்பவில்லை என்று வீதியில் மறித்துத் தண்டம் எழுதிய பொலிசுக்கு அடிக்கவில்லை. சீட்டுக்காசு கேட்டு ரெலிபோன் எடுத்தவரிடம் குரலைத் தாழ்த்தியே கதைத்தார். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பின்னர்தான் அவருக்குக் கட்டுப்பாடு போய்விடுகிறது. யாரிடம் கட்டுப்பாட்டை இழக்கலாம், யாரிடம் இழக்கக்கூடாது என்று இவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருப்பதை நோய் என்று அழைக்க முடியுமா?

இங்கே யுத்தத்தின் வடு பற்றிய வாதத்தை நண்பர்கள் முன்வைப்பார்கள். சிறையும் சித்திரவதையும் கண்ட ஆண்கள், இடப்பெயர்வில் எல்லாவற்றையும் இழந்த ஆண்கள் எம்மிடையே இருக்கிறார்கள். வட இலங்கையில் பள்ளிப் பிள்ளைகளிடையே செய்யப்பட்ட ஆய்வுகள், தகப்பனின் குடியும் போர் அனுபவங்களும் வீட்டு வன்முறையோடு தொடர்புபடுவதைக் காட்டியுள்ளன. இதை மறுப்பது மூடத்தனம். ஆனால் தொடர்பு என்பது வேறு, நியாயம் என்பது வேறு. அதே யுத்தத்தை, அதே பங்கரை, அதே அகதி முகாமை அந்த மனைவியும் கடந்து வந்திருக்கிறாள். பலர் கணவனுக்கு முன்னர் தகப்பனையும் சகோதரனையும் இழந்தவர்கள். அவர்களது வடு எங்கே போனது? ஆணின் வடு மற்றவரின் உடம்பில் வெளிப்படுகிறது, பெண்ணின் வடு அவளது சொந்த உடம்பிலேயே வெளிப்படுகிறது. இந்த வேறுபாட்டை யுத்தம் உண்டாக்கவில்லை. யுத்தத்திற்கு முன்னரே நாம் அதை வளர்த்துவைத்திருந்தோம்.

கொள்ளைநோய்ப் பீதிதான் காரணம் என்று சொல்லப்பட்டு, பின்னர் அந்த விளக்கம் உடைந்துபோன ஒரு பெரிய நிகழ்வு கனடாவில் உண்டு. 2020 ஏப்ரல் 18ஆம் திகதி இரவு நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் போர்ட்டபிக் கிராமத்தில் ஒருவர் தன் துணைவியைத் தாக்கினார். அவர் தப்பி இரவு முழுவதும் காட்டுக்குள் ஒளிந்திருந்தார். பொலிஸ் உடையிலும் பொலிஸ் வாகனம்போன்ற காரிலும் திரிந்த அந்த ஆண், 13 மணித்தியாலங்களில் 22 பேரைக் கொன்றார். அவர் கொள்ளைநோய்ப் பயத்தினால் உணவும் எரிபொருளும் பணமும் சேர்த்து வைத்திருந்தார் என்ற செய்திகள் வெளிவந்தன. அழுத்தத்தில் புத்தி பேதலித்த மனிதன் என்ற கதை தயாராகிவிட்டது. ஆனால் பின்னர் வந்த விசாரணைகளில் தெரிந்தது வேறு. அவர் அந்தத் துணைவிக்கு ஆண்டுக்கணக்காக அடித்துவந்தார். 2013இலேயே அயலவர் ஒருவர் இதைப் பொலிசுக்குச் சொல்லியிருந்தார். 2023 மார்ச் 30இல் வெளியான விசாரணை ஆணைக்குழுவின் இறுதி அறிக்கை, பால்நிலை வன்முறையைப் புறக்கணித்ததை இந்தப் படுகொலையின் வரலாற்றிலிருந்து பிரிக்க முடியாதென்பதை விரிவாக எடுத்துவைத்தது. இதற்கிடையில், தப்பிப் பிழைத்த அந்தத் துணைவிமீது 2020 டிசம்பரில் தோட்டா வாங்கிக் கொடுத்தார் என்று குற்றஞ்சாட்டப்பட்டது. அந்த வழக்கு 2022இல்தான் கைவிடப்பட்டது. அடிவாங்கியவரை ஆராய்வதில் அரசு காட்டிய உற்சாகத்தை 2013இல் அயலவரின் முறைப்பாட்டில் காட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கேட்காமலிருக்க முடியவில்லை.

மனநலச் சொல்லாடலின் மறுபக்கத்துக்கு வருகிறேன். ஆணுக்கு மன்னிப்புச் சீட்டாகப் பயன்படும் அதே மொழி பெண்ணிடம் வரும்போது அவளது சாட்சியத்தைத் தகுதியிழக்கச் செய்கிறது. ஆணுக்கு அழுத்தம் என்றால் அனுதாபம். பெண் நித்திரையில்லாமல், சாப்பிடாமல், கதவு திறக்கும் சத்தத்துக்கு நடுங்கினால் 'அவவுக்குக் கொஞ்சம் மனநிலை சரியில்லை'. அதன் பிறகு அவள் சொல்வதெதுவும் எடுபடாது. மருந்துச் சீட்டைக் காட்டியே பிள்ளைகளைப் பறித்துவிடுவேன் என்று வெருட்டப்பட்ட பெண்களை நான் அறிவேன்.

இது எமது சமூகத்தின் பின்தங்கிய நிலை மட்டும் அல்ல. மேற்கின் நீதிமன்றங்களும் இப்படித்தான் நடந்துகொண்டன. பஞ்சாப்பிலிருந்து மணமுடித்து இங்கிலாந்துக்கு வந்த கிரண்ஜித் அலுவாலியா, பத்து ஆண்டுகள் வதைபட்ட பின்னர் 1989இல் உறங்கிய கணவன்மீது தீவைத்தார். கணவன் இறந்தார். கிரண்ஜித்துக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. சவுத்தோல் பிளாக் சிஸ்ரர்ஸ் அமைப்பின் நீண்ட போராட்டத்தின் பின் 1992இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்துச்செய்தது. அவர் விடுதலையானார். புகலிட நாடுகளின் பெண்கள் இயக்கத்திற்கு அது மாபெரும் வெற்றி. ஆனால் எந்தக் கதவால் அவர் வெளியே வந்தார்? கணவன் அவரைத் தூண்டினான் என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. அவர் மனச்சோர்வினால் பொறுப்புணர்வு குறைந்த நிலையில் இருந்தார் என்பதையே ஏற்றுக்கொண்டது. பத்தாண்டு வதைக்கு ஒரு மனித மனம் காட்டிய எதிர்வினை என்று சொல்ல முடியாமல், அவரது மனம் பழுதடைந்திருந்தது என்று சொல்லித்தான் அவரை மீட்க வேண்டியிருந்தது.

முப்பது ஆண்டுகளின் பின்னர் அதே நாட்டின் கணக்கைப் பாருங்கள். 2020 மார்ச் 23 முதல் 2021 மார்ச் இறுதிவரை இங்கிலாந்திலும் வேல்சிலும் குடும்பக் கொலைகளென்று பொலிசார் பதிந்தவை 163. வீட்டு வன்முறைக்கு உள்ளானதாக அறியப்பட்டவர்களின் தற்கொலையெனச் சந்தேகிக்கப்பட்ட மரணங்கள் 38. இவை ஒரே அறிக்கையில் சேர்த்து எண்ணப்பட்டதே புதிது. அப்படி எண்ணத் தொடங்கிய பின்னர், 2023 மார்ச்சுடன் முடிந்த ஆண்டில் இத்தகைய தற்கொலைகள் 93ஆகப் பதிவாகின. அதே ஆண்டில் துணைவரால் கொல்லப்பட்டவர்கள் 80 பேர். அதாவது கொலையைவிடத் தற்கொலை அதிகம். எண்ணப்படாத காலத்தில் இந்த மரணங்கள் எங்கே எழுதப்பட்டன? 'மனச்சோர்வு' என்ற பக்கத்தில். எமது சமூகத்தில் அதுவும் இல்லை. 'திடீர் மரணம்' என்று கண்ணீர் அஞ்சலி வரும். அந்தியேட்டிக்கு அழைப்பும் வரும்.

துணைவரின் வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கு மனச்சோர்வு ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் 2013இல் சொன்னது. ஆகவே மனநல மருத்துவம் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. மிகவும் தேவை. அங்கே முதலில் கேட்கப்படவேண்டிய கேள்வி 'உனக்கு என்ன வருத்தம்' என்பதல்ல, 'உனக்கு என்ன நடந்தது, யார் செய்தது' என்பது. அடி தொடரும் வீட்டுக்குள் வாழும் ஒருத்தியின் பயத்தைக் குளிசையால் மட்டும் தணிப்பது, வீடு எரியும்போது புகைமணியின் வயரை அறுப்பதற்கு ஒப்பானது.

புகலிடத்தில் இந்தக் கேள்வியைக் கேட்பதற்கே ஒரு மொழி தேவை. 2020இல் பிரான்சில், ஸ்பெயினைப் பின்பற்றி, பாமசியில் 'மாஸ்க் 19' என்று சொன்னால் பொலிஸ் அழைக்கப்படும் என்று அறிவித்தார்கள். ஏப்ரல் 1 முதல் 114 என்ற இலக்கத்திற்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம் என்றார்கள். இங்கிலாந்தில் 2021 ஜனவரியில் 'ஆனி' என்ற சங்கேதப் பெயர் பாமசிகளுக்கு வந்தது. நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் பாமசிக்குப் போவதே கணவனாக இருந்தால்? கைத்தொலைபேசி அவனது பெயரில் இருந்தால்? வைத்தியர்கள் நேரில் பார்க்காமல் ரெலிபோனில் கதைத்த அந்த மாதங்களில், மொழிபெயர்த்தது யார்? சாதாரண காலத்திலேயே பல வீடுகளில் மொழிபெயர்ப்பாளர் கணவன்தான். அவன் இல்லையென்றால் பத்து வயதுப் பிள்ளை. தாயின் முதுகிலுள்ள கண்டலுக்கு எப்படிக் காரணம் சொல்வதென்று அந்தப் பிள்ளை தேடிய சொற்களையும் எமது மனநலக் கூட்டங்கள் கணக்கிலெடுக்க வேண்டும்.

அடுத்தது விசா. இங்கிலாந்தில் பொதுநிதி உதவிக்கு உரித்தில்லாத விசாவில் இருக்கும் பெண்ணைக் காப்பகங்கள் ஏற்பதே கடினம். ஏனெனில் அவள் தங்கும் செலவைப் பெரும்பாலும் வீட்டு உதவிப்பணமே ஈடுசெய்கிறது. 2021இன் வீட்டு வன்முறைச் சட்டத்தில் குடிபெயர்ந்த பெண்களுக்குச் சமமான பாதுகாப்புக் கோரிய திருத்தங்கள் தோற்கடிக்கப்பட்டன. 2022இல் இஸ்தான்புல் உடன்படிக்கையை உறுதிப்படுத்தியபோதும், அத்தகைய பெண்களின் வதிவிட உரிமை பற்றிய 59ஆம் உறுப்புரையை இங்கிலாந்து ஒதுக்கிவைத்தது. பிரான்சிலோ, குடும்ப இணைப்பில் வந்த பெண் வன்முறை காரணமாகப் பிரிந்தால் அதற்காக வதிவிட அனுமதியை மறுக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் அவளுக்குச் சட்டத்தைச் சொல்லிக்கொடுப்பவன் கணவன். 'பொலிசுக்குப் போனால் காட்டைப் பறித்துத் திருப்பி அனுப்புவான்' என்பதுதான் அவள் அறிந்த சட்டம்.

'எம்மவரை வெள்ளையரின் பொலிசுக்குக் காட்டிக்கொடுப்பதா?' என்று கேட்பவர்கள் முற்போக்கு முகாமிலும் இருக்கிறார்கள். பொலிசின் நிறவெறியை நானும் அறிவேன். ஆனால் நிறவெறிக்கு எதிரான சமூக ஒற்றுமையின் செலவை ஏன் எப்போதும் பெண்ணின் உடம்பே செலுத்த வேண்டும்? பொலிஸ் வேண்டாமென்றால் வேறு என்ன ஏற்பாட்டை நாம் வைத்திருக்கிறோம்? இதே முடக்கக் காலத்தில் எமது சங்கங்களும் கோயில்களும் வேலையிழந்தவர்களுக்கு உலர்உணவு கொண்டுபோய்க் கொடுத்தன. விலாசமும் வாகனமும் ஆட்களும் அவர்களிடம் இருந்தன. வீட்டு வாசல்வரை போன அந்தக் கைகளில், பெண்களுக்கான தமிழ்த் தொடர்பு இலக்கம் எழுதிய ஒரு துண்டு இருந்திருக்கலாம். அதற்குத் தேவைப்பட்டது பணமல்ல, இது நடக்கிறது என்று ஒப்புக்கொள்ளும் மனம்.

தொண்ணூறுகளில் பெண்கள் சந்திப்புக்களிலும், நோர்வேயிலிருந்து வந்த 'சக்தி' போன்ற சஞ்சிகைகளிலும் எமது பெண்கள் இவற்றையெல்லாம் பேசினார்கள். அன்று அவர்களுக்குக் குடும்பத்தைக் குலைப்பவர்கள் என்று பெயர் வைத்தோம். இன்று அந்தப் பெயரைப் பகிரங்கமாகச் சொல்லக் கூசுகிறோம். அதற்குப் பதில் மருத்துவத்தின் மரியாதையான மொழி எமக்குக் கிடைத்திருக்கிறது. இதனால்தான் இந்த மொழியை விமர்சனத்துக்கு உட்படுத்துவது அவசரமானது என்று கருதுகிறேன்.

நடைமுறையில் மூன்று விடயங்களை விவாதத்திற்கு வைக்கிறேன். மனநலம் பற்றி நாம் நடத்தும் எந்தக் கூட்டத்திலும் வன்முறையைச் செய்தவரை எழுவாயாக வைத்துப் பேசவேண்டும். உறவினர் அல்லாத, இரகசியம் காக்கப் பயிற்சிபெற்ற பெண் மொழிபெயர்ப்பாளர்களை ஒவ்வொரு நகரத்திலும் சங்கங்கள் தமது செலவில் உருவாக்க வேண்டும். எம்மிடையே நிகழும் பெண்களின் 'திடீர்' மரணங்களை, குடும்பத்தின் மானம் என்ற திரையை விலக்கி, யாராவது எண்ணத் தொடங்க வேண்டும். இவற்றுக்கு மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுத வேண்டும். முக்கியமாக, 'அழுத்தம்' என்ற விளக்கத்தை இன்னமும் நம்பும் நண்பர்கள், அந்த அழுத்தம் ஏன் முதலாளியின் கன்னத்தில் இறங்குவதில்லை என்பதற்குப் பதில் எழுத வேண்டும்.